யார் பிள்ளையும் இல்லாதவள்

அந்தத் தெருவில் அவளுக்கு அகராதி என்று பெயர். அந்தப் பெயருக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, சட்டச் சொல் அகராதி தயாரிக்கிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இன்னொன்று, கடைக்குப் போனால் நின்று நாலு வார்த்தை பேசமாட்டாள். தப்பித்தவறிப் பேசினாலும் கடைக்காரர் பேச்சில் ஒரு பிழையைத் திருத்திவிட்டுத்தான் படியிறங்குவாள். "அகராதி பிடிச்சவ, அகராதி ஆபீசுக்கே வேலைக்குப் போயிட்டா" என்று மளிகைக்கடைக்காரர் ஒரு நாள் சொன்னது தெரு முழுக்கச் சுற்றி, கடைசியில் சொந்தத் தம்பியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கோர்ட்டுக்குப் பின்பக்கம், பழைய கட்டிடத்தின் மாடியில் ஓர் அறை. மழைக்காலத்தில் ஜன்னலோரம் ஒழுகும். வாளி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அறையின் நடுவில் ஒரு நீள மேஜை, அதன் தலைமாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவரைத் தலைவர் ஐயா என்பார்கள். பழைய தீர்ப்புகளில் லத்தீனும் பழைய இங்கிலீஷுமாகக் கிடக்கிற சொற்களை அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அவள் அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, இன்றைக்கு என்ன பொருள் என்று சொல்லித் தமிழில் ஒரு சொல் தருவாள். சில நாள் ஒரே சொல்லுக்குக் காலை முழுக்கச் சண்டை நடக்கும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த பிறகும் தீராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சொற்கள் வீட்டுக்கும் வரும். அம்மா பரிமாற, தம்பியும் தம்பி பெண்டாட்டியும் உட்கார்ந்திருக்க, அவள் ஆரம்பிப்பாள்.

"டியோடண்ட்னு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துல வண்டி ஏறி ஒரு ஆள் செத்தா, வண்டியைக் குற்றவாளியாக்கி அரசாங்கம் எடுத்துக்கும். கடவுளுக்குக் கொடுக்கவேண்டிய பொருள்னு அர்த்தம்."

"மாடு முட்டிச் செத்தா?" என்பாள் தம்பி பெண்டாட்டி.

"மாட்டையும்தான்."

"அப்போ நம்ம மிக்ஸியை எப்பவோ கொண்டுபோயிருக்கணும். போன மாசம் என் விரலை எடுக்கப் பார்த்துச்சு."

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும், "படிச்ச படிப்பு சோத்துல உப்புப் போட உதவுதா பாரு" என்று முனகிக்கொண்டே குழம்பை ஊற்றுவாள். அந்த முனகலிலும் ஒரு பெருமை உண்டு. கல்யாணம் வேண்டாம் என்று நாற்பதைத் தாண்டிவிட்ட மகளிடம் வேறு எதைப் பார்த்துத்தான் பெருமைப்படுவாள்?

அப்பா இருந்தவரைக்கும் அவர்தான் அதிகம் சிரிப்பவர். அவருக்குக் கடைத்தெருவில் குஷன் கடை. சோபா, நாற்காலி, வண்டி சீட் எல்லாம் பிரித்துக் கட்டுகிற வேலை. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை, மேலே ஒரு குடித்தனம். அந்த மேல் வீட்டைப் பற்றி மட்டும் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள். அங்கே ரெக்ஸின் தைக்க வந்த ஒரு பெண்ணும், பின்னால் அவளுக்குப் பிறந்த ஒரு மகளும் இருந்தார்கள். அப்பா வாரத்தில் பாதி நாள் "பட்டறையில் வேலை கிடக்கு" என்று அங்கேயே தங்கிவிடுவார். ஊருக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொல்லாதவரைக்கும் ஒரு விஷயம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள முடியும் என்பதில் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

தையல்காரப் பெண் முதலில் செத்தாள். அப்பா போன கோடையில் செத்தார். இப்போது அந்த மகள்தான் மேலே தனியாக இருந்துகொண்டு பட்டறையை நடத்தினாள். சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு பட்டறையில் நின்று வேலை படித்தவள். கடைத்தெருவில் அவளைக் குஷன்காரி என்பார்கள்.

தம்பி அவளைக் காலிபண்ணச் சொன்னான். அவள் கோர்ட்டுக்குப் போனாள். நானும் அவர் பிள்ளைதான், எனக்கும் அதில் உரிமை உண்டு என்றாள். ரத்தத்தைப் பார்த்து யார் பிள்ளை என்று சொல்கிற சோதனையெல்லாம் அப்போது வந்திருக்கவில்லை. யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. ஊருக்கே தெரிந்த சங்கதிதான், ஆனால் ஊர் கோர்ட்டுக்கு வருமா? கடைத்தெருவில் தம்பியோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவன் எவன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டிருந்தது. தம்பி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

"அக்கா, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குப் பழைய சட்டத்துல ஏதாவது பேர் இருக்கா?"

"எந்த மாதிரி?"

"அதான். தாலி கட்டாம பொறந்தது."

அம்மாவின் கரண்டி ஒரு கணம் நின்று, திரும்ப ஓடியது. அகராதிக்கு, அந்தக் கேள்வியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தரம் தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை. தெரிந்த கேள்வி வந்தால் கையைத் தூக்குகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய் முந்திக்கொண்டது.

"ஃபிலியஸ் நல்லியஸ். யார் பிள்ளையும் இல்லாதவன்னு அர்த்தம். அப்பன் சொத்துல மட்டும் இல்லை, அம்மா சொத்துலகூட அவனுக்கு ஒண்ணும் கிடையாது. சட்டத்தோட கண்ணுக்கு அவன் மரத்துலேர்ந்து விழுந்தவன்."

"யார் பிள்ளையும் இல்லாதவன்" என்று தம்பி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "நல்லாத்தான் வெச்சிருக்கான் பேரு. இதை எழுதிக் கொடேன், வக்கீல்கிட்டக் காட்டறேன்."

கை கழுவிவிட்டு வந்து எழுதிக் கொடுத்தாள். குண்டு குண்டான அழகான கையெழுத்து. எந்த நூற்றாண்டில் யார் எங்கே சொன்னது என்பதுவரைக்கும்.

"இதுக்காவது உதவுச்சே உன் படிப்பு" என்றாள் அம்மா.

அடுத்த மாதம் அவளையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். "நீ படிச்சவ, கோர்ட்டு பாஷை தெரிஞ்சவ, நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றான் தம்பி. காலையில் அவளுடைய புடவையை அம்மா தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதற்கு மேல் என்ன சொல்லவேண்டும்?

கோர்ட்டு அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. தம்பியின் வக்கீல் எழுந்து, அந்த லத்தீன் வார்த்தையைப் பாட்டுக் கச்சேரி மாதிரி இழுத்துச் சொன்னார். நீதிபதி ஒரு பெண்மணி. அவர் முகம் சுருங்கியது.

"அதெல்லாம் செல்லாத பழைய சட்டம் வக்கீல் சார்."

"தெரியும் அம்மா. சட்டமாச் சொல்லலை, வர்ணனையாச் சொல்றேன். தகப்பன் யாருன்னு காட்ட இவங்ககிட்ட ஒண்ணுமே இல்லை. அதுக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்துது."

பிறகு கூண்டுப் பக்கம் திரும்பினார். வழக்குப் போட்டவளைக் கையைக் காட்டி, "இவங்களைத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். எங்க அப்பா கடையில வேலை பார்த்தவங்க."

"வேற ஏதாவது உறவு?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

அவ்வளவுதான். குரல் நடுங்கவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது குஷன்காரியின் பக்கம் கண் போனது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். பஸ் நிற்கும் என்று கையைக் காட்டி, நிற்காமல் போன பஸ்ஸைப் பார்க்கிறவள் மாதிரி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் அகராதிக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்த மாதிரி அரசல்புரசலாக இல்லை, அப்பா வாயாலேயே தெரியும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேள்வி கேட்காமல் வா என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நாலு வயசுக் குழந்தை ஒன்று காய்ச்சலில் அனலாய்க் கிடந்தது. அதைப் பெற்றவளும் அதே காய்ச்சலில் பெண்கள் வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள். "உன் தங்கச்சிதாம்மா. நான் மருந்து வாங்கிட்டு வர்ற வரைக்கும் வெச்சுக்கோ. அம்மாகிட்டச் சொல்லிடாதே." பொழுது சாயும்வரை மடியில் வைத்திருந்தாள். குழந்தை அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்ததில், நடக்கவே இல்லை என்று அவளுக்கும் பழகிப்போனது.

அடுத்த விசாரணைக்கு முன்னால் ஒரு நாள் அலுவலகத்தில் நாற்காலி வேலை வந்தது. தலைவர் ஐயாவின் நாற்காலியில் ஸ்பிரிங் எகிறி அவர் பேண்ட்டைக் கிழித்துவிட்டிருந்தது. அந்தக் கட்டிடம் முழுக்க நாற்காலி பார்ப்பது அப்பாவின் பட்டறைதான், ரொம்ப வருஷப் பழக்கம். மத்தியானம் எல்லோரும் கீழே டீ குடிக்கப் போயிருந்த நேரம், குஷன்காரி பையோடு மேலே வந்தாள்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். குஷன்காரிதான் முதலில் பேசினாள்.

"நாற்காலி எதுங்க?"

காட்டினாள். குஷன்காரி நாற்காலியைக் குப்புறப் போட்டு, அடிப்பட்டையைப் பிரித்தாள். பழைய ஆணிகளை உளியால் நெம்பி எடுத்து ஒரு டப்பாவில் போட்டாள். நார் பொடிந்து தூசியாகக் கொட்டியது. சணல் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, இழுத்து, ஓரத்தில் ஆணி அடித்தாள். ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து எடுப்பது அப்படியே அப்பாவின் பழக்கம். பார்க்க முடியாமல் அகராதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாயிலிருந்த ஆணி தீர்ந்ததும் குஷன்காரி கேட்டாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க."

"கேளுங்க."

"அன்னிக்கு அந்த வக்கீல் என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னார். என்னமோ நல்லியஸ்னு. நல்லன்னு வந்ததால ஏதோ நல்ல வார்த்தைன்னு நெனச்சு உக்காந்திருந்தேன். ஜட்ஜம்மா மூஞ்சியப் பாத்தப்புறம்தான் சந்தேகம் வந்தது. எங்க வக்கீல்கிட்டக் கேட்டா, 'விடும்மா, அது எதுக்கு உனக்கு'ங்கறார். என்னங்க அர்த்தம்?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏனோ நாக்கு வளையவில்லை.

"யார் பிள்ளையும் இல்லாதவங்கன்னு அர்த்தம்."

குஷன்காரி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"யாருக்கும் இல்லாமன்னா? எங்க அம்மாவுக்குக் கூடவா?"

"பழைய சட்டத்துல அப்படித்தான்."

"என்னைப் பெத்து, அப்புறம் மூணு நாள் கழிச்சு மெஷின்ல உக்காந்தவ அவ." குரல் உயரவில்லை. "எப்படிங்க ஒருத்தர் இப்படி ஒரு வார்த்தையை உக்காந்து யோசிப்பாங்க? சரி, அது பழைய காலம். எங்க கேஸுக்கு இதைத் தேடி எடுத்துக் கொடுத்தது யாரு? அந்த வக்கீலுக்கு இவ்வளவெல்லாம் தெரியாதுன்னு எங்க வக்கீல் சொல்றார்."

"நான்தான்."

"ம்."

"தம்பி கேட்டான். கேஸுக்குன்னு எனக்குத் தெரி..." கேஸுக்குத்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

குஷன்காரி புது ரெக்ஸினை விரித்து, கத்தரியால் ஓரம் வெட்டினாள். கை வேலை பார்த்தது. வாய் தனியாகப் பேசியது.

"எனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்து செத்துப் பொழைச்சேனாம். அப்ப ஒரு அக்கா நாள் பூரா மடியில வெச்சிருந்தான்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். அது யாருன்னும் சொல்லியிருக்கார். நீங்க சாட்சிக்கு வர்றீங்கன்னு கேட்டதும் எங்க வக்கீல் பயந்துட்டார். நான்தான் சொன்னேன், அவங்க வந்தாக் கவலை இல்ல சார், அவங்க பொய் சொல்லமாட்டாங்கன்னு."

கடைசி ஆணியை அடித்து, நாற்காலியை நிமிர்த்தி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

"ஐயாவை ஒரு வாரம் மெதுவா உக்காரச் சொல்லுங்க. புதுப் பட்டை, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா கொல்லைப்பக்கம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அகராதி எதிரில் உட்கார்ந்தாள். எப்படி எப்படியோ ஆரம்பிக்க நினைத்து, கடைசியில் நேராகவே சொன்னாள். ஆஸ்பத்திரியை, அப்பா சொன்னதை, கூண்டில் சொன்ன பொய்யை, இப்போது போய் அதை மாற்றிச் சொல்லப்போவதை.

அம்மாவின் முறம் நின்றது.

"அவர் பிள்ளைன்னு எனக்குத் தெரியாதாடி? அவ நடையே சொல்லும்." கொஞ்சம் பொறுத்து, "அவர் மறைச்சதெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. நீ என்கூடத்தானே படுத்துக் கிடந்த. அத்தனை வருஷமும் அந்தக் குழந்தையை மடியில வெச்சிருந்ததை மறைச்சுக்கிட்டா என் பக்கத்துல படுத்திருந்த?"

"அப்பா சொல்லாதேன்னார்மா."

"அவருக்காகச் சொல்லாம இருந்த. இப்ப அவளுக்காகச் சொல்லப்போற. எனக்குன்னு நீ எப்ப என்னடி செஞ்சிருக்க?"

அம்மா எழுந்து முறத்தோடு உள்ளே போனாள்.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு இவளும் கத்தியிருக்கலாம். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க. போ. போய்ச் சொல்லு. ஆனா சொல்லிட்டு இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றான். தம்பி பெண்டாட்டி கதவோரம் நின்று அழுதாள். சாப்பாட்டு நேரத்துச் சிரிப்பெல்லாம் இனி யாரோடு என்று அவளுக்குக் கவலை.

இரண்டாவது தரம் கூண்டில் ஏறியபோது நீதிபதி முதலிலேயே எச்சரித்தார். முன்னால் சொன்னது பொய் என்றால் அதற்குத் தண்டனை உண்டு, தெரியுமா என்றார். அந்தக் குற்றத்துக்கான சொல்லையே அவள்தான் போன வருஷம் தமிழில் எழுதியிருந்தாள். "தெரியும்" என்றாள்.

குஷன்காரியின் வக்கீல் கேட்டார். "இவங்க உங்களுக்கு யாரு?"

"அவ என் தங்கச்சி. எங்க அப்பா பொண்ணு. அவர் வாயாலேயே என்கிட்டச் சொன்னார்."

போன தடவை 'வேலை பார்த்தவங்க' என்றவள் இப்போது 'அவ' என்றதும் எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். தம்பியின் வக்கீல் எழுந்து குறுக்குக் கேள்வி போட்டார். அந்த லத்தீன் சொல்லைத் தந்ததே நீங்கள்தானே, அதன் பொருள் மாறிவிட்டதா என்றார்.

"மாறலை. நான் பாதியைத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பழைய சட்டம் சொத்துன்னு வந்தப்பத்தான் யார் பிள்ளையும் இல்லைன்னு சொல்லுச்சு. கல்யாணம்னு வந்தா, அதே பிள்ளை கூடப்பொறந்தவங்களைக் கட்டக்கூடாதுன்னு தடுத்துச்சு. யார் ரத்தம்னு அதுக்கு எப்பவும் தெரியும். தெரிஞ்சேதான் இல்லைன்னு சொல்லுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "என்னை மாதிரி" என்றாள்.

கேஸ் அதற்கப்புறமும் ஒரு வருஷம் இழுத்தது. முடிவில் பட்டறையும் மேல் வீடும் குஷன்காரிக்கு, முன்பக்கக் கடை தம்பிக்கு என்றானது. நடுவில் ஒரு சுவர் எழும்பியது. பொய்ச்சாட்சிக்கு நீதிபதி கடுமையாகக் கண்டித்து அபராதத்தோடு விட்டார். தலைவர் ஐயா விடவில்லை. "நீங்க இல்லாம இந்த வேலை நொண்டும்மா. ஆனா சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்ன கையால சட்ட அகராதி எழுத முடியாது" என்றார். புது ரெக்ஸின் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்கும் பட்டது. ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குப் போனாள். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும். கோர்ட்டுக்கு எதிர்த்திசையில் ஒற்றை அறை பார்த்துக் குடியேறினாள்.

ஒரு நாள் பட்டறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள், ஆனால் அதைக் கேட்காமல், கீழே சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு நின்றாள். குஷன்காரி உட்காரச் சொல்லி டீ வாங்கி வந்து கொடுத்தாள். மழை, ஃபோம் விலை, சுவர் எழுப்பியதில் வெளிச்சம் போனது எல்லாம் பேசினாள். புறப்படும்போது, "உண்மையைச் சொன்னீங்க, நல்லது. ஆனா அக்கான்னு கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரல. வந்தாக் கூப்பிடறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அகராதி தலையாட்டிவிட்டு வந்தாள்.

அம்மா தம்பியோடுதான் இருந்தாள். பேச்சுவார்த்தை இல்லை. அந்த வருஷம் அப்பாவின் திதி கழிந்து சில வாரம் போன பின், ஒரு பகல் வேளையில், கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் அம்மா நின்றாள். தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுப்பு மேடையில் விரலை வைத்துத் தூசி பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு."

தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். வேற யாரையும் கேக்க முடியாது. நீ மட்டும்தான் அங்க இருந்த."

"கேளும்மா."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில, அந்தக் குழந்தை அப்படிக் கிடந்தப்போ, அவர் அழுதாரா?"

அகராதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியும் அப்பா கண்ணில் ஒரு சொட்டு நீரைப் பார்த்ததில்லை, தம்பி சாகக் கிடந்தபோதுகூட மனுஷன் கல்லு மாதிரி நின்னார் என்று அம்மா அவளிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவர் சுபாவம் அப்படி என்று தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். அந்தச் சமாதானத்தின் மேல்தான் அவள் இத்தனை காலம் நின்றுகொண்டிருந்தாள். இல்லைம்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா எழுந்து, பஸ் பிடித்து, நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். உனக்காக ஒரு காரியம் செய்தேன் என்று தனக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

"அழுதார்மா" என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் தண்ணி கொடு" என்றாள்.